த்ரிஃப்ட் கடை தொடங்கப் போறீங்களா? சரக்கு எங்கிருந்து வருகிறது, காசு எங்கே போகிறது?

ஞாயிற்றுக்கிழமை இரவு 8 மணி. இன்ஸ்டாகிராமில் ஒரு சின்ன த்ரிஃப்ட் கடையின் ‘ட்ராப்’ தொடங்குகிறது. கட்டம் போட்ட ஃப்ளானல் சட்டை, 90-களின் சாயலில் ஒரு டெனிம் ஜாக்கெட், தொளதொள கார்கோ பேன்ட். எல்லாமே ஒரே ஒரு பீஸ்தான். முதலில் புக் செய்பவருக்குக் கிடைக்கும். பத்து நிமிடத்தில் பாதி போய்விடுகிறது. போனில் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பலருக்கு உடனே ஒரு யோசனை வரும்: “பழைய துணிதானே, நூறு ரூபாய்க்கு வாங்கி நானூறுக்கு விக்கிறாங்க. நாமளும் பண்ணலாமே?”

பண்ணலாம். போட்டோ எடுப்பது, பக்கம் நடத்துவது, கூரியர் போடுவது எல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். பழக நாளாவது ஒன்றுதான்: அந்தத் துணியைக் கண்டுபிடிப்பது.

புதுத் துணி விற்பவருக்கு இந்தத் தலைவலி குறைவு. ஈரோட்டுக்கோ சூரத்துக்கோ ஆர்டர் போட்டால் ஒரே டிசைனில் ஐந்து சைஸில் வந்து இறங்கும். நன்றாகப் போனால் மறுபடி அதையே போடச் சொல்லலாம். பழைய துணியில் ரீ-ஆர்டர் என்ற பேச்சே கிடையாது. நேற்று அடித்துப் பிடித்து விற்ற ஜாக்கெட்டுக்கு இரண்டாவது பீஸ் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வாரா வாரம் தேட வேண்டும். அதனால் இந்தத் தொழிலில் லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் வாங்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. விற்கும் நாளில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

கட்டிப்போட்ட மூட்டை

புதிதாக வருபவர்களை முதலில் இழுப்பது ‘பேல்’. பழைய துணிகளை இயந்திரத்தில் வைத்து அழுத்தி, பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கட்டிய மூட்டை. 45 கிலோ, 55 கிலோ, 100 கிலோ எனப் பல அளவுகளில் உண்டு. மேலே ‘லேடீஸ் டாப்ஸ்’, ‘மென்ஸ் ஷர்ட்’, ‘ஜாக்கெட் மிக்ஸ்’ என்று எழுதியிருக்கும். கூடவே ‘ஏ கிரேடு’, ‘கிரீம்’ என்று ஒரு தர அடையாளம்.

சிக்கல் அந்த கிரேடில்தான். எல்லோரும் ஒப்புக்கொண்ட பொதுவான அளவுகோல் எதுவும் இதற்குக் கிடையாது. ஒருவரின் ஏ, இன்னொருவரின் பி. பட்டையை அறுத்துவிட்டால் சரக்கு உங்களுடையது. அறுக்காமல் உள்ளே பார்க்க முடியாது. பிடிக்கவில்லை என்று திருப்பித் தரவும் வழியில்லை.

உலகம் முழுக்கப் பழைய துணி இப்படித்தான் கைமாறுகிறது. கென்யாவில் பழைய துணிக்கு ‘மிடும்பா’ என்று பெயர். ஸ்வாஹிலியில் மூட்டைகள் என்று பொருள். கானா தலைநகர் அக்ராவின் கன்டமான்டோ சந்தை, உலகின் மிகப் பெரிய பழைய துணிச் சந்தைகளில் ஒன்று. அங்கே இதற்கு வழங்கும் பெயரின் பொருள் ‘செத்துப்போன வெள்ளைக்காரரின் துணி’. வாரத்துக்குச் சுமார் 1.5 கோடி உருப்படிகள் அங்கு வந்து இறங்குவதாகவும், அதில் 40 சதவீதம் குப்பையாகிப் போவதாகவும் அங்கு இயங்கும் ‘தி ஆர் ஃபவுண்டேஷன்’ என்ற அமைப்பு சொல்கிறது. கானாவின் பழைய துணி வியாபாரிகள் சங்கம் இந்த 40 சதவீதக் கணக்கை மறுக்கிறது. எவ்வளவு குப்பை என்பதில்தான் சண்டை. மூட்டையைத் திறக்கும் வரை உள்ளே என்ன என்பது தெரியாது, கடன் வாங்கி மூட்டை எடுத்தவருக்கு அது ஒரு சூதாட்டம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சரி, இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். சந்தை விலை அல்ல.

50 கிலோ பேல் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சட்டை சராசரியாக 250 கிராம் என்றால் 200 சட்டை. பீஸ் 100 ரூபாய். கேட்கவே நன்றாக இருக்கிறது! திறந்தால் கறை, கிழிசல், சுருங்கியது, வேறு நாட்டு நிறுவனத்தின் பெயர் முதுகில் அச்சிட்ட யூனிஃபார்ம் டி-ஷர்ட், நம் ஊரில் யாருக்கும் பொருந்தாத அளவு. விற்கக்கூடியது 80 தேறியது என்றால் ஒரு சட்டையின் உண்மையான அடக்கம் 250 ரூபாய். துவைக்க, தைக்க, அயர்ன் பண்ண, பேக் பண்ண 50 ரூபாய். ஆக 300. அதை 450-க்கு விற்கலாம். 80-ம் விற்றால் 12,000 ரூபாய் மிஞ்சும். ஆனால் முதல் மாதம் 40-தான் போகிறது. வந்தது 18,000. போனது 24,000. மீதி 40 சட்டை கட்டிலுக்கு அடியில்.

விற்க முடியாத 120 சட்டையை என்ன செய்வது என்ற கேள்வி இந்தக் கணக்கில் வரவே இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அது நிஜமான கேள்வி.

இந்த மூட்டை இந்தியாவுக்குள் எப்படி வருகிறது?

இதைப் பலர் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். உடுத்திப் பழகிய துணிகளுக்குச் சுங்கத்துறை வகைப்பாட்டில் 6309 என்ற எண். இந்திய இறக்குமதிக் கொள்கையில் இது ‘கட்டுப்படுத்தப்பட்ட’ பொருள். அதாவது வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகத்தின் லைசென்ஸ் இல்லாமல் இறக்குமதி செய்யக் கூடாது. 6310 என்பது கந்தல். அதைக் கொண்டுவரலாம், ஆனால் மறுபடி யாரும் உடுத்த முடியாதபடி கிழித்தோ வெட்டியோ இருக்க வேண்டும். உள்ளூர் ஜவுளித் தொழிலை அடிமாட்டு விலைத் துணியிலிருந்து காப்பாற்றுவதற்கான தடுப்பு இது.

வெட்டிய கந்தல் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ஹரியானாவின் பானிபட். கம்பளித் துணிகளை நிறவாரியாகப் பிரித்து, நார் நாராகப் பிய்த்து, மறுபடி நூலாக்கி மலிவான போர்வை நெய்யும் ஊர். 2012-ல் மேக்னா குப்தா எடுத்த ‘அன்ராவல்’ என்ற குறும்படத்தில் இந்தத் தொழிலில் வேலை செய்யும் பெண்கள், வெளிநாட்டுக்காரர்கள் ஏன் இவ்வளவு நல்ல துணியைத் தூக்கிப் போடுகிறார்கள் என்று யோசிப்பார்கள். அங்கே தண்ணீர் ரொம்ப விலையோ, துவைக்க முடியவில்லையோ என்று ஒரு ஊகம் வரும். சிரிப்பு வந்தாலும், தூக்கிப் போடுவதற்கு உண்மையான காரணம் அதைவிட நியாயமானதா என்று தெரியவில்லை.

வெட்டாத துணி சட்டப்படி வரும் முக்கியமான வாசல் குஜராத்தின் கண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலம். 1965-ல் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கிய இடம். அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய துணிகளைத் தரம் பிரித்து மறுபடி ஏற்றுமதி செய்வதற்கென்றே அங்கே தொழிற்கூடங்கள் இருக்கின்றன. உள்நாட்டுக்குள் விற்க விதிமுறையும் வரம்பும் உண்டு. அந்த வழியில் முறையாக வரி கட்டி வந்த சரக்கும் சந்தையில் கிடைக்கும். கந்தல் என்று கணக்குக் காட்டி முழுசாக வந்த சரக்கும் கிடைக்கும். எல்லை தாண்டி வந்ததும் கிடைக்கும். மூன்றும் வாட்ஸ்அப் போட்டோவில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

பில் இல்லை, இறக்குமதி ஆவணத்தின் நகல் இல்லை, “அதெல்லாம் கேட்காதீங்க ப்ரோ, டிரான்ஸ்போர்ட்ல போட்டுடுவேன்” என்று பேச்சு வந்தால், அந்த மூட்டைக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியாது. முறைகேடாக வந்த சரக்கைப் பறிமுதல் செய்ய 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தில் இடமுண்டு. அப்படி நடந்தால் வழியில் போனது உங்கள் 20,000 ரூபாய்.

திருப்பூர் சரக்கு பழைய துணியா?

தமிழ்நாட்டில் த்ரிஃப்ட் என்ற பெயரில் விற்பதில் ஒரு பகுதி உண்மையில் யாரும் போட்டதே இல்லை. திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே இருக்கும் காதர்பேட்டையின் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் அது. ஏற்றுமதி ஆர்டரில் சில பீஸ் வீணாகும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுவார்கள். பையர் ஆர்டரை ரத்து செய்வதும் உண்டு. தையல் கோணல், ஆயில் கறை, ஷேடு மாறியது என்று ரிஜெக்ட் ஆவதும் உண்டு. இவை லாட்டாக வெளியே வருகின்றன.

பேலைவிட இது பலவிதத்தில் பரவாயில்லை. நேரில் போய்க் கையில் எடுத்துப் பார்க்கலாம். பேரம் பேசலாம், பில் கேட்டு வாங்கலாம். ஆனால் லாட்டில் சைஸ் கலவையைக் கவனிக்காமல் விட்டால் மாட்டிக்கொள்வீர்கள். நடு சைஸ்களை முன்னால் வந்த வியாபாரி பொறுக்கிக்கொண்டு போயிருந்தால், உங்களுக்கு மிஞ்சுவது எக்ஸ்ட்ரா ஸ்மாலும் மூன்று எக்ஸ்எல்லும்தான். அதுவும் வெளிநாட்டு அளவில்.

லேபிளையும் பார்க்க வேண்டும். சர்ப்ளஸ் சரக்கில் பிராண்டு லேபிளைப் பாதி வெட்டியோ பிடுங்கியோ இருப்பது சகஜம். தங்கள் பெயரில் வெளியே விற்கக் கூடாது என்று பிராண்டுகள் நிபந்தனை போடுவதால்தான். மாறாக, உலகப் புகழ்பெற்ற பிராண்டின் லேபிள், தொங்கும் அட்டை, பார்கோடு எல்லாம் பளபளப்பாக, எல்லா சைஸிலும், கேட்கும் அளவுக்கு, 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். போலி முத்திரை போட்ட பொருளை விற்பது 1999-ம் ஆண்டு வர்த்தக முத்திரைகள் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று சொல்லி விற்றால் தப்பித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ‘காப்பி’ என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

சர்ப்ளஸை சர்ப்ளஸ் என்று சொல்லியே விற்கலாம். ‘விண்டேஜ்’ என்று போட்டுப் போன மாதம் தைத்த டி-ஷர்ட்டை விற்பவர்களால்தான் மற்றவர்களின் பெயரும் கெடுகிறது.

பீரோவிலிருந்து வரும் சரக்கு

மிச்சமிருப்பது மெதுவான வழி. வீடுகளிலிருந்து வாங்குவது.

இது இன்ஸ்டாகிராம் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரமோ பிளாஸ்டிக் குடமோ கொடுத்துவிட்டுப் போகும் வியாபாரிகளை நம் தெருக்களில் பார்த்திருப்போம். இரண்டு பேன்ட், நான்கு புடவைக்கு ஒரு டப்பா தர மாட்டார்களா என்று அம்மாக்கள் அரை மணி நேரம் வாசலில் பேரம் பேசுவார்கள். வட இந்தியாவில் இந்தத் தொழிலைத் தலைமுறைகளாகச் செய்வது குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகம். டெல்லி ரகுபீர் நகரில் விடிவதற்கு முன்பே கூடும் சந்தைக்கு அவர்கள் சேகரித்த துணி வந்துவிடும். மானுடவியலாளர் லூசி நாரிஸ் இந்த உலகத்தைப் பற்றி 2010-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். டெல்லியின் மலிவு விலைத் தெருக்கடைகளுக்குப் போகும் பழைய துணியில் கணிசமான பங்கு இவர்கள் கை வழியாகத்தான் போகிறது. த்ரிஃப்ட் ஒரு ஃபேஷன் ஆகும்போது விலையேறுகிறது. அந்த விலையில் பாத்திரம் சுமந்து தெருத்தெருவாக நடந்தவருக்கு எவ்வளவு போகிறது என்பது தனிக் கதை.

தமிழ்நாட்டில் தொடங்குபவர் இவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. சேர்ந்தே வேலை செய்யலாம். நல்ல நிலையில் இருக்கும் காட்டன் சட்டை, கைத்தறிப் புடவை, ஜீன்ஸ் வந்தால் தனியாக எடுத்து வைக்கச் சொல்லி, பீஸுக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளலாம். கிலோ விலைக்குப் போகவிருந்ததற்கு அவருக்கும் கூடுதலாகக் கிடைக்கும்.

தெரிந்த வீடுகளில் கேட்பதற்கு ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். “அத்தை, மாமாவோட பழைய சட்டை ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் முதல் பதில் சிரிப்பாகவே வரும். இரண்டாவது பதில், “அதையெல்லாம் யாருப்பா வாங்குவா?” மூன்றாவதாகத்தான் டிரங்குப் பெட்டி திறக்கும். 1980-களில் தைத்த டெரிகாட்டன் சட்டை, அகலக் காலர், டெய்லர் லேபிளோடு. இன்றைக்கு ரெட்ரோ சட்டை தேடுபவர்களுக்கு அது பொக்கிஷம். இலவசமாகக் கொடுத்தாலும் ஒரு விலை கொடுத்து வாங்குவது நல்லது. ஓசியில் வாங்கி 600 ரூபாய்க்கு விற்பது அத்தையின் பெண் போனில் தெரிந்துவிடும். அப்புறம் அந்த வீட்டுப் பெட்டி திறக்காது.

பட்டுப்புடவை மட்டும் தனி ரகம். ‘பழைய பட்டுப்புடவைகள் வாங்கப்படும்’ என்ற சுவரொட்டி இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. அவர்கள் வாங்குவது புடவையை அல்ல, ஜரிகையை. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. உருக்கினால் காசு. அதனால் புடவையின் அழகுக்கு அங்கே மதிப்பில்லை, ஜரிகையின் எடைக்குத்தான். அழகுக்காக வாங்கும் த்ரிஃப்ட்காரர், அந்த விலையாவது தர முடிந்தால்தான் வீட்டார் கொடுப்பார்கள். வாங்கும் முன் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டு ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்தக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். போட்டோவில் தெரியாது, கட்டும்போது கிழியும்.

மேலே போட்ட அதே கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்கலாம். 30 பீஸ், ஒன்றுக்கு 120 ரூபாய் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தது. செலவு 50 சேர்த்தால் மொத்தம் 5,100 ரூபாய். 25 பீஸ் 400-க்குப் போனால் 10,000. பீஸ் விலை பேலைவிட அதிகம். ஆனால் வீணாவது ஐந்தே ஐந்து. 30 பீஸ் சேர்க்க இரண்டு மூன்று வாரம் அலைய வேண்டும் என்பதுதான் இதன் விலை.

கையில் எடுத்ததும் எங்கே பார்ப்பது?

டியூப்லைட்டில் வாங்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் முதலில் அக்குள், அடுத்து காலரின் உள்பக்கம், பேன்ட்டில் தொடை இடுக்கு. மஞ்சள் படிந்த வியர்வைக் கறை பெரும்பாலும் போகாது. எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் அது திரும்பி வர வேண்டும். ஜிப்பை மேலும் கீழும் மூன்று முறை ஓட்டுங்கள். அந்துருண்டை வாசனை வெயிலிலும் காற்றிலும் போய்விடும். பூஞ்சை வாசனை லேசில் போகாது.

ரெக்சின் ஜாக்கெட்டில் ரொம்ப ஜாக்கிரதை. தோல் மாதிரி இருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, காற்றின் ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதையும். சென்னை மாதிரி கடலோர ஊரில் சீக்கிரமே. வாங்கும்போது நன்றாக இருந்தது, வாடிக்கையாளர் இரண்டாவது முறை போடும்போது செதில் செதிலாக உரியும். கழுத்து, முழங்கை மடியும் இடங்களை விரலால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பு இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

வாங்கியதை வீட்டுத் துணியோடு கலக்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் பத்து நிமிடம் தாங்காது. வெந்நீரில் போட முடியாத கம்பளி, பட்டு என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் ஒரு வாரம் கட்டி வைத்தால் பட்டினியில் செத்துவிடும்.

பார்சல் ஓசூரைத் தாண்டும்போது

குளிர்நாட்டுச் சரக்கு வாங்கியவருக்கு ஒரு உண்மை சீக்கிரம் புரியும். சென்னையில் ஸ்வெட்டர் விற்காது. ஊட்டி, கொடைக்கானல் சின்னச் சந்தை. பெங்களூருவும் டெல்லியும்தான் கை கொடுக்கும். இங்கேதான் ஜி.எஸ்.டி. உள்ளே வருகிறது.

தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை என்பது பலருக்கும் தெரியும். தெரியாதது: வரி விதிக்கத்தக்க பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-வது பிரிவின்படி, சில கைவினைப் பொருட்கள் போன்ற விலக்குகள் தவிர, தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். பெங்களூருவுக்குப் போகும் ஒரே ஒரு ஸ்வெட்டருக்கும் இது பொருந்தும்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. விதி 32(5)-ன்படி, பழைய பொருளை வாங்கி அப்படியே, அல்லது தன்மை மாறாத சின்னச் சின்ன வேலை செய்து விற்பவர், வாங்கியதற்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்காவிட்டால், லாப வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும். 150-க்கு வாங்கி 450-க்கு விற்றால், வரி 300 ரூபாய்க்குத்தான். ஆனால் இது நிஜமாகவே பயன்படுத்திய துணிக்குத்தான். திருப்பூர் சர்ப்ளஸ் புதுத் துணி, அதற்குப் பொருந்தாது. பழைய புடவையை வெட்டி கவுன் தைத்தாலும் அது வேறு பொருளாகிவிடும். எதை எங்கே, யாரிடம், எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால்தான் இந்தச் சலுகையைக் காட்டவே முடியும். வீட்டில் வாங்கினாலும் ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

எப்போது தேடுவது?

மார்ச் முதல் ஜூன் வரை ஹாஸ்டல் காலியாகும், வேலை மாறி ஊர் மாறுபவர்கள் மூட்டை கட்டுவார்கள். ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு, சின்ன ஊர் ஜவுளிக்கடைகளில் அப்போதும் போகாத பழைய ஸ்டாக் எது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்கும். நாலைந்து வருடமாக அட்டைப் பெட்டியில் இருப்பதை மொத்தமாகப் பேசி எடுக்கலாம். தீபாவளிக்கு முன் ஒரு சுற்று பீரோ சுத்தம் நடக்கும்.

பெரிய அறுவடை மார்கழிக் கடைசி. போகிக்கு எதை எரிப்பது என்று வீடு வீடாக எடுத்து வெளியே வைக்கும் நாட்கள். துணியையும் டயரையும் எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று சென்னை மாநகராட்சியே கேட்டு வாங்கியிருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் தெருவில் பத்து வீட்டில் சொல்லி, வீட்டுக்கு ஒரு பையும் கொடுத்து வைத்தால், பொங்கலுக்குள் இரண்டு மாத ட்ராப்புக்கான சரக்கு தேறலாம். பையை வாங்கும்போதே பிரித்துப் பார்த்துவிடுங்கள். நடுவில் எப்படியும் ஒரு மிதியடி இருக்கும்.